வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்பாதீர்கள்: மொரீஷியஸின் ஏபிஐ குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

எபேன் சைபர்சிட்டியிலும் போர்ட் லூயிஸிலும் உட்கார்ந்து, மற்றவர்கள் பயன்படுத்தும் ஏபிஐகளை, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு கேட்கும் வாசல்களை, எழுதி வெளியிடும் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் ஏபிஐகளை மற்றவர்களின் கணக்கோடு இணைத்துக் கொடுப்பது என் தொழில். கடை விற்பனை, ஓட்டல் முன்பதிவு, கோவில் காணிக்கை, துறைமுகத்தில் சரக்கு வந்த நேரம் என்று எதை எடுத்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரைக்கும் என்ன நடந்தது? அதற்கு நீங்கள் பதில் சொல்லும் விதத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். நொடியில் வர வேண்டிய நேரம் மில்லிநொடியில் (நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில்) வந்தாலோ, மில்லிநொடியில் வர வேண்டியது நொடியில் வந்தாலோ, அந்தக் கோரிக்கையை மறுத்துவிடுங்கள். "எல்லாம் சரி" என்று பொருள்படும் 200 குறியைப் போட்டு வெற்றுப் பட்டியலை அனுப்பாதீர்கள்.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் உங்கள் குழுக்களில் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் தமிழ் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் புகார் டிக்கெட் போட்டுப் பார்த்தாயிற்று. "கூடுதல் விவரம் தேவை" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். சரி, விவரத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தைப்பூசக் காவடி நம் தீவில் அரசு விடுமுறை. 2025இல் அது பிப்ரவரி 11. அன்றைக்கு ஆன்லைனில் வந்த காணிக்கைப் பட்டியல் வேண்டும் என்று ஒரு கோவில் பொருளாளர் கேட்டார். மொரீஷியஸ் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 4 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே நம் பிப்ரவரி 11 பிறக்கும் நள்ளிரவு, 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் யூனிக்ஸ் கணக்கில் 1739217600. மறுநாள் நள்ளிரவு 1739304000. இந்த இரண்டு எண்களையும் ஃப்ரம், டு என்ற இரண்டு இடங்களில் போட்டு அனுப்பினால் 200 ஓகே வந்தது, பட்டியல் காலி.

"காவடி அன்னிக்கு ஒருத்தர்கூடப் போடலைன்னா யார் தம்பி நம்புவா?" என்றார் பொருளாளர்.

அவர் நம்ப மறுத்ததால்தான் மேற்கொண்டு தோண்ட வேண்டி வந்தது. அதே பதில் ஏதோ ஒரு சாதாரண புதன்கிழமைக்கு வந்திருந்தால் "அன்னிக்கு ஒண்ணும் வரலை போல" என்று அறிக்கையில் பூஜ்யம் எழுதி அடுத்த வேலைக்குப் போயிருப்பார். என் குறையே அந்தப் புதன்கிழமையைப் பற்றியதுதான்.

நடந்தது இதுதான். அந்த நிறுவனத்தின் ஆவணத்தில் அந்த இடத்துக்கு நேராக "யூனிக்ஸ் டைம்ஸ்டாம்ப்" என்று மட்டும் எழுதியிருந்தது. 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி கடந்தது என்பதுதான் யூனிக்ஸ் நேரத்தின் பழைய, வழக்கமான பொருள். ஆனால் சர்வர் உள்ளே மில்லிநொடியில் கணக்கு வைத்திருந்தது. 1739217600ஐ மில்லிநொடியாக எடுத்துக்கொண்டால் அது 1970 ஜனவரி 21, யூடிசி அதிகாலை 3 மணி 6 நிமிடம் 57 நொடி. முடிவு எண், அதே நாள் 3 மணி 8 நிமிடம் 24 நொடி. காவடி நாள் முழுவதும் 86.4 நொடியாகச் சுருங்கி, ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு விடியற்காலையில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த ஒன்றரை நிமிடத்தில் யாரும் காணிக்கை போடவில்லை என்று சர்வர் சொன்னது. சொன்னது உண்மைதான், வேடிக்கை என்னவென்றால்.

மளிகைக் கடையில் போய் "500 அரிசி கொடுங்க" என்றால் கடைக்காரர் "அரிசி இல்லை" என்று கையை விரிக்க மாட்டார். "கிராமா, கிலோவா?" என்று கேட்பார். உங்கள் சர்வர் அப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

இந்த அலகுக் குழப்பம் எப்போதும் காலிப் பட்டியலாக வருவதில்லை. அதனால்தான் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கிறது. தேடலில் இரண்டு முனைகள் இருப்பதால் அது பல வேஷம் போடும். உங்கள் ஆதரவுக் குழுவுக்கு உதவும் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சர்வர் மில்லிநொடியில் இருக்கிறது, கேட்பவர் நொடியில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையும் இருந்தால் காலி, மேலே பார்த்ததுதான். ஃப்ரம் மட்டும் அனுப்பினால் கதை தலைகீழ். 1970 ஜனவரி முதல் இன்று வரை உள்ள எல்லாமே வந்துவிடும். கேட்பவர் "ஃபில்டர் வேலை செய்யவில்லை" என்று புகார் எழுதுவார், நீங்கள் ஃபில்டர் நிரலைத் திறந்து பார்ப்பீர்கள், அது ஒழுங்காகவே இருக்கும். டு மட்டும் அனுப்பினால் மறுபடியும் காலி. இனி சர்வர் நொடியில், கேட்பவர் மில்லிநொடியில் என்றால் எல்லாம் புரண்டுவிடும். அதே காவடி நள்ளிரவு 57,083ஆம் ஆண்டுக்குப் போய்விடும். ஃப்ரம் மட்டும் என்றால் காலி, டு மட்டும் என்றால் மொத்த வரலாறும் கையில்.

இதில் மோசமானது கலவை. ஒரு முனை பைத்தானில் உருவானது, நொடி. இன்னொரு முனை உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் போட்டது, மில்லிநொடி. சர்வர் மில்லிநொடியை எதிர்பார்க்கிறது. ஃப்ரம் 1970இல் விழுகிறது, டு சரியான இடத்தில் நிற்கிறது. புதியது முதலில் என்ற வரிசையில் முதல் பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். நேற்றைய பதிவுகள், முந்தாநாள் பதிவுகள். நாற்பதாவது பக்கத்தில் 2019ஆம் ஆண்டுப் பதிவு கிடப்பதை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்கும் கணக்காளர் ஒருவர்தான் பார்ப்பார், அதுவும் மாதக் கடைசியில்.

காலிப் பட்டியலைவிட இந்த நிறைந்த பட்டியல் எனக்கு அதிக பயத்தைத் தருகிறது. ஒரு வாரத்துக்கான வாடிக்கையாளர் விவரம் கேட்டவர் கையில் எல்லா வருடத்து விவரமும் போய்ச் சேர்கிறது. தேவைக்கு மேல் தனிப்பட்ட தரவைக் கையாளக் கூடாது என்பதற்காகத்தான் நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு மூன்று சுழி குறைந்ததால் அதை மீறினோம் என்று எந்த அதிகாரியிடம் போய் விளக்குவது? இதே ஃபில்டரை "பழைய பதிவுகளை நீக்கு" என்ற வேலைக்கும் நீங்கள் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்தத் தவறு வெளியே தெரியுமா தெரியாதா என்பது நீங்கள் எந்த மொழியில் எழுதினீர்கள் என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டமாக இருக்கிறது. பைத்தானின் டேட்டைம் 9999ஆம் ஆண்டைத் தாண்டாது. 57,083ஐக் கொடுத்தால் பிழை என்று கத்திவிடும், புண்ணியமாகப் போகும். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் 2,94,276ஆம் ஆண்டு வரைக்கும் அலட்டிக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் 2,75,760 வரைக்கும் போகும். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லின் ஃப்ரம்-யூனிக்ஸ்டைம் தன் எல்லையைத் தாண்டியதற்கு நல், அதாவது மதிப்பே இல்லை, என்று பதில் தரும். நல்லோடு எதை ஒப்பிட்டாலும் எதுவும் தேறாது, ஆகவே மறுபடியும் காலிப் பட்டியல். தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சில் தேதிப் புலத்துக்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், வெறும் எண்ணை அது மில்லிநொடி என்றே எடுத்துக்கொள்ளும். சர்வரில் நீங்கள் சரிபார்க்காவிட்டால் கீழே இருக்கும் டேட்டாபேஸ் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆதரவுக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு கைரேகை சொல்லித் தருகிறேன். நொடியை மில்லிநொடியாகப் படிக்கும்போது, நிஜ உலகின் ஆயிரம் நாள் 1970இன் ஒரே நாளாகச் சுருங்கும். 2024 அக்டோபர் 4 முதல் 2027 ஜூன் 30 வரைக்கும் உள்ள எந்த நேரத்தை நொடியில் அனுப்பினாலும், மில்லிநொடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது 1970 ஜனவரி 21 என்றுதான் தெரியும், யூடிசி கணக்கில். அதற்கு முந்தைய ஆயிரம் நாள் ஜனவரி 20. லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், இந்தத் தேதிகளைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், அது அலகுப் பிழைதான். 1970 ஜனவரி 1, காலை 4 மணி என்று மொரீஷியஸ் நேரத்தில் தெரிந்தால் அது வேறு நோய்: யாரோ பூஜ்யத்தையோ காலியான மதிப்பையோ அனுப்பியிருக்கிறார்கள். நொடியாகப் படிக்கும் சர்வரில் ஜனவரி 1 மாலை 4:41 என்று தெரிந்தால் அது எக்செல். காவடி நாள் எக்செல்லின் நாள் வரிசையில் 45699. கணக்காளர் அந்தச் செல்லை அப்படியே ஒட்டியிருப்பார்.

கேட்பவர் கவனமில்லாதவர், ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லியும் இருக்கிறீர்கள். ஒரே மேசையில் நாங்கள் என்னென்ன வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம் என்று பாருங்கள். பிஎச்பியின் டைம் நொடி தரும். பைத்தானும் நொடிதான், ஆனால் தசமப் புள்ளியோடு. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் மில்லிநொடி. கோ மொழியில் நொடிக்கு ஒன்று, மில்லிநொடிக்கு ஒன்று, நானோநொடிக்கு ஒன்று என்று தனித்தனிச் செயற்பாடுகள். உள்நுழைவு டோக்கன்களில், அதாவது ஜேடபிள்யூடியில், காலாவதி நேரம் நொடியில் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே யாராவது மில்லிநொடியைப் போட்டால் அந்த டோக்கன் நம் ஆயுளில் காலாவதியாகாது. பணம் செலுத்தும் சேவையான ஸ்ட்ரைப்பின் தேதி ஃபில்டர் நொடி. உங்கள் கண்காணிப்புத் திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் காட்டும் கிராஃபானாவின் முகவரிப் பட்டையில் எண்ணாகத் தரும் நேரம் மில்லிநொடி, அதன் கீழே அளவீடுகளைச் சேர்க்கும் ப்ரோமிதியஸ் நொடி, பக்கத்திலேயே லாகுகளைச் சேர்க்கும் லோக்கி நானோநொடி. மூன்றும் ஒரே திரையில். உங்கள் ஏபிஐயில் எந்த அலகு என்பது யாருக்கும் இயல்பாகத் தெரிந்திருக்க வழியில்லை.

நம் ரூபாய் நோட்டில் தொகை தமிழிலும் அச்சாகிறது. 1998இல் தமிழும் இந்தியும் வரிசை மாறி அச்சானபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு இவ்வளவு மெனக்கெட்ட ஊர் இது. ஏபிஐ ஆவணத்தில் ஒரு அலகை எழுத வைக்க நான் இத்தனை பத்தி எழுத வேண்டியிருக்கிறது.

அப்புறம், "இலக்கத்தை எண்ணிப் பார்த்து நாங்களே ஊகித்துக்கொள்கிறோம்" என்று ஒரு குழு சொன்னது. 10 இலக்கம் என்றால் நொடி, 13 என்றால் மில்லிநொடி, 16 என்றால் மைக்ரோ, 19 என்றால் நானோ. பிழை தேடும்போது இது நல்ல உத்திதான், நானும் அப்படித்தான் பார்க்கிறேன். நொடிக் கணக்கு 2001 செப்டம்பர் 9 அன்று 10 இலக்கத்தைத் தொட்டது, 2286 நவம்பர் 20 வரைக்கும் அப்படியே இருக்கும். ஆனால் சர்வர் ஓசைப்படாமல் ஊகித்துத் திருத்துவதை நான் எதிர்க்கிறேன். 2001 செப்டம்பருக்கு முந்தைய மில்லிநொடி நேரங்களுக்கு 13 இலக்கம் இருக்காது. 1970 ஏப்ரல் 26க்கு முந்தையவை 10 இலக்கத்தைத் தாண்டாது. ஊகம் எங்கோ ஒரு ஓரத்தில் தவறும், அது எந்த ஓரம் என்று யாருக்கும் நினைவிருக்காது. அதைவிட முக்கியமாக, ஊகித்துப் பழக்கிவிட்டால் கேட்பவர்கள் பாதிப் பேர் நொடியிலும் பாதிப் பேர் மில்லிநொடியிலும் அனுப்பத் தொடங்குவார்கள். பிறகு நீங்கள் நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது. தவறு அனுப்பியவரிடமே திரும்பிப் போக வேண்டும், அவர் கண்ணில் பட வேண்டும்.

மறுப்பதற்கு வேண்டிய அறிவு ஊகத்துக்கு வேண்டியதேதான். பயன்படுத்தும் விதம்தான் வேறு. நொடியை எதிர்பார்க்கும் ஏபிஐயில் மேல் எல்லையாக 2100ஆம் ஆண்டை வைத்துக்கொள்ளுங்கள், 4102444800. வாடிக்கையாளர் "முடிவே இல்லை" என்ற பொருளில் 2099 என்று போட்டால்கூட அது உள்ளே வந்துவிடும். ஆனால் 1970 பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பிந்தைய எந்த மில்லிநொடி நேரமும் இந்த எல்லையைத் தாண்டிவிடும். மில்லிநொடியை எதிர்பார்க்கும் ஏபிஐயில் கீழ் எல்லை 2000ஆம் ஆண்டு, 946684800000. அதற்குக் கீழே எது வந்தாலும் மறுப்பு. உங்கள் நிறுவனம் தொடங்கியதே அதற்குப் பிறகுதான் என்றால் தயங்க ஒன்றுமில்லை. இடைவெளி ஆயிரம் மடங்கு என்பதால் எல்லையை எவ்வளவு தாராளமாக வைத்தாலும் வேலை செய்கிறது. ஒற்றை வரி நிரல் இது. இதற்குக் கூட்டம் போடத் தேவையில்லை.

மறுக்கும்போது, கோரிக்கை தவறு என்று சொல்லும் 400 குறியை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். "ஃப்ரம் மதிப்பு 1739217600, இந்த இடத்தில் மில்லிநொடி வேண்டும், மில்லிநொடியாகப் படித்தால் இது 1970 ஜனவரி 21" என்று எழுதுங்கள். படித்தவர் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார், உங்களுக்கு டிக்கெட் வராது. மறுக்காமல் பதில் தரும்போதும் நீங்கள் புரிந்துகொண்ட கால எல்லையைப் பதிலின் தலைப்பகுதியிலேயே மனிதர் படிக்கும் தேதியாகத் திருப்பிச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன கலவைத் தவறு எல்லைச் சோதனையிலும் மாட்டும், இங்கேயும் கண்ணில் படும். ஃப்ரம் டுவைவிடப் பெரியதாக இருந்தால் அதையும் மறுத்துவிடுங்கள். அதற்கும் காலிப் பட்டியல் தரும் ஏபிஐகள் இருக்கின்றன.

அலகைப் புலத்தின் பெயரிலேயே சேர்த்துவிடுவது இன்னும் நல்லது. ஃப்ரம் என்பதை ஃப்ரம்-எம்எஸ் என்று ஆக்குங்கள். ஆவணத்தைப் படிக்காதவர்கூடப் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். "பழைய வாடிக்கையாளர்களின் நிரல் உடைந்துவிடும்" என்றால், பழைய பெயரை இப்போதைய பொருளிலேயே வைத்துக்கொண்டு புதிய பெயரையும் பக்கத்தில் கொடுங்கள். எல்லைச் சோதனை மட்டும் இரண்டுக்கும் இருக்கட்டும். அதனால் உடையும் நிரல் எது? இன்று காலிப் பட்டியலை வாங்கிக்கொண்டு வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் நிரல்தான்.

"எண்ணே வேண்டாம், எழுத்தில் தேதி அனுப்புங்கள்" என்று சிலர் தேதியை எழுதும் பொது விதியான ஆர்எஃப்சி 3339 வடிவத்துக்கு மாறியிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் நமக்கென்று அதில் ஒரு முள் இருக்கிறது. காவடி நாளின் தொடக்கம் 2025-02-11, 00:00:00, கடைசியில் +04:00. இதை அப்படியே முகவரியில் ஒட்டி அனுப்பினால், பல சர்வர்கள் அந்தக் கூட்டல் குறியை இடைவெளியாகப் படித்துவிடும். முகவரியின் வினாப் பகுதியில் கூட்டல் குறிக்கு அந்தப் பொருள் பழைய காலத்திலிருந்து இருக்கிறது. அதைச் சதவீதக் குறியும் 2பியும் சேர்த்துக் குறியாக்கி அனுப்ப வேண்டும். நியூயார்க்கிலோ சாவ் பாலோவிலோ இருந்து ஆவணம் எழுதுபவருக்கு இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. அவர்களுடைய நேரம் கழித்தல் குறியில் இருப்பதால் எதுவும் உடைவதில்லை. அங்கே எழுதிய எடுத்துக்காட்டை இங்கே ஒட்டும்போதுதான் உடைகிறது. உங்கள் ஆவணத்தின் எடுத்துக்காட்டில் ஒன்றாவது நம் +04:00ஐக் குறியாக்கிக் காட்டட்டும்.

அலகுப் பிழையையும் நேர மண்டலப் பிழையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. பிரித்தறிவது சுலபம். அலகு தவறினால் பதில் பல பத்தாண்டு தள்ளிப் போகும், ஒன்றுமே வராது அல்லது எல்லாமே வரும். மண்டலம் தவறினால் பதில் ஏறக்குறைய சரியாக இருக்கும், ஓரத்தில் நான்கு மணி நேரம் மட்டும் பிசகும். எண்கள் சரியாக 14400 நொடி விலகி நிற்கும். அதற்காக 14400ஐ நிரலில் நிரந்தரமாக எழுதிவைத்துவிடாதீர்கள். 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை நம் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது நினைவிருக்கும். 1982–83 கோடையிலும் ஒருமுறை செய்தார்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் 18000. தள்ளிய நாளில் 23 மணி நேரம், மீட்ட நாளில் 25. நள்ளிரவோடு 86400ஐக் கூட்டினால் அடுத்த நள்ளிரவு என்று எழுதிய நிரல், பழைய கணக்கைத் தேடும்போது அந்த இரண்டு நாளிலும் வழுக்கும். நேர மண்டலத் தரவுத்தொகுப்பில் இவை எல்லாம் இருக்கின்றன, அதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

நாள் முடிவை 23:59:59 என்று வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதை ஆயிரத்தால் பெருக்கி மில்லிநொடியாக்கினால் கடைசி நொடியின் 999 மில்லிநொடி விழுங்கப்படும். தொடக்கம் சேரும், முடிவு சேராது, முடிவு என்பது மறுநாள் நள்ளிரவு. இப்படி வைத்துக்கொண்டால் இன்றைய பதிவு நாளையிலும் எட்டிப் பார்க்காது, இரண்டுக்கும் நடுவே காணாமலும் போகாது.

நானோநொடி கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை ஜேசனில், அதாவது பதில் போகும் தரவு வடிவில், எண்ணாக அனுப்பாதீர்கள், எழுத்துச் சரமாக அனுப்புங்கள். ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைக்கும்தான் முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும். 19 இலக்க நானோநொடி நேரம் அங்கே போனால் 256 நானோநொடிப் படிகளுக்கு உருண்டுவிடும். அதை அடுத்த பக்கத்துக்கான அடையாளமாகத் திருப்பி அனுப்பினால் ஒரு பதிவு இரண்டு முறை வரும், இன்னொன்று வராமலே போகும்.

பிறந்த தேதி கேட்கும் ஏபிஐகளுக்கு மேலே சொன்ன எல்லைகள் பொருந்தாது. 1968 மார்ச் 12, நம் சுதந்திர நாள், மொரீஷியஸ் நள்ளிரவில் யூனிக்ஸ் கணக்குப்படி −57038400. கழித்தல் குறியோடு. "நேர் எண் மட்டும்" என்று சோதித்தால் சுதந்திரத்தின்போதே பிறந்திருந்த அத்தனை பேரையும் வெளியே தள்ளிவிடுவீர்கள். பிறந்த தேதிக்கு டைம்ஸ்டாம்பே வேண்டாம், வருடம், மாதம், நாள் போதும். நம் நள்ளிரவைப் பாரிஸில் இருக்கும் சர்வர் முந்தின நாள் என்று காட்டி, அம்மாவின் பிறந்தநாளை மாற்றிவிடுவதை அடையாள அட்டையோடு போய்த் திருத்தி முடியாது.

இவ்வளவையும் எழுதி அனுப்பியபோது ஒரு குழுவிடமிருந்து வந்த பதில்: "எங்கள் பக்கம் பிழை விகிதம் பூஜ்யம், அந்தக் கோரிக்கைகளுக்கு 200 போயிருக்கிறது." அவர்களுடைய கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாக இருந்திருக்கும், சந்தேகமே இல்லை. தவறான கேள்விக்கு 200 கொடுத்தால் அது உங்கள் பிழைக் கணக்கில் ஏறாது, கோவில் பொருளாளர் கணக்கில் ஏறும்.

ஆகவே என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் லாகையே திறந்து பாருங்கள். கடந்த மூன்று மாதத்துத் தேதித் தேடல்களை எடுத்து, அவற்றின் ஃப்ரம் மதிப்பை உங்கள் சர்வர் எப்படிப் படித்ததோ அப்படியே தேதியாக மாற்றுங்கள். உங்கள் சேவை தொடங்கிய வருடத்துக்கு முன்னால் விழுகிறவை எத்தனை, 2100க்குப் பின்னால் விழுகிறவை எத்தனை என்று எண்ணுங்கள். அவற்றில் எத்தனைக்குக் காலிப் பட்டியல் போனது, அதே ஏபிஐ சாவியிலிருந்து (வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் குறியீடு) சிறிது நேரத்தில் திருத்திய கோரிக்கை வந்ததா என்றும் பாருங்கள். திருத்தம் வந்திருந்தால் அவர் கண்டுபிடித்துவிட்டார். வராதவர்களின் சாவிகளைத் தனியாக எடுத்துவைத்து, அந்த வாடிக்கையாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நீங்கள் கேட்ட தேதிகளில் பதிவுகள் இருந்தன, நாங்கள் இல்லை என்று சொல்லிவிட்டோம் என்று. எல்லைச் சோதனையை அதற்கு முந்தின நாளே போட்டுவிட்டால் நல்லது. இல்லையென்றால் மின்னஞ்சலைப் படித்துவிட்டு அவர்கள் திரும்பவும் அதே காலிப் பட்டியலைத்தான் வாங்கப் போகிறார்கள்.

அன்புடன்,
எபேனில் ஏபிஐ இணைப்பு வேலை பார்க்கும் ஒருவன்